மாவுப்பூச்சி ஓடாது

பெங்களூர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள மதினிக்கு,

கடிதம் எழுதித் தொந்தரவு செய்வதற்கு முதலில் என்னை மன்னித்துவிடுங்கள். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று உங்களுக்குச் சிரிப்பு வரலாம். போனில் பேசிப் பார்த்தேன். "சாப்பிட்டீங்களா மதினி" என்றேன், "ம்" என்றீர்கள். "நீங்க சாப்டீகளா" என்றீர்கள், நானும் "ம்" என்றேன். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை. எப்படியும் இந்தப் பெட்டியை அனுப்ப வேண்டும், அதற்குள் ஒரு தாள் வைத்தால் என்ன என்று தோன்றியது.

உங்கள் வலது மணிக்கட்டு வலி எப்படி இருக்கிறது? திராட்சை வெட்டும்போது துணி சுற்றிக்கொள்கிறீர்களா? அண்ணனுக்கு இருமல் நின்றுவிட்டதா? எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த ஊர்த் தண்ணீரில் முடி மட்டும் கொட்டுகிறது.

ஜூன் மாதம் மூன்று நாள் வந்திருந்தபோது, எனக்கென்று பீரோவிலிருந்து புதுப் போர்வை எடுத்துப் போட்டீர்கள். மடிப்புகூடக் கலையாத போர்வை. அப்போது ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அதற்கு இப்போது நன்றி.

அந்த மூன்று நாளில், கிணற்றோரம் இருக்கும் கடைசி இரண்டு வரிசைப் பந்தலுக்கு அடியில் நான் அண்ணாந்து நின்று எதையோ எடுத்துக்கொண்டிருந்ததை நீங்கள் பார்த்தீர்கள். என்ன என்று கேட்காமல் போய்விட்டீர்கள். நானும் சொல்லவில்லை. அவை வண்டுகள். மாத்திரை டப்பாவில் பதினொன்று கொண்டுவந்தேன். சிவப்பில் கறுப்புப் புள்ளி போட்ட பொறிவண்டை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இதுவும் பொறிவண்டுதான். ஆனால் புள்ளியும் இல்லை, சிவப்பும் இல்லை. முழுக்கக் கறுப்பு. கடுகில் பாதிதான் இருக்கும். திராட்சைக் கொடியில் வெள்ளையாக அப்பும் மாவுப்பூச்சியைத் தின்று வாழ்கிறது.

இங்கே என் வேலை, மற்றவர்கள் காடுகளில் பிடித்து வரும் வண்டுகளை அட்டை முனையில் பசை தொட்டு ஒட்டி, ஊசியில் குத்தி, பெட்டியில் அடுக்குவது. ஒருநாள் நம் வண்டையும் ஒட்டி வைத்தேன். திட்டத்தின் தலைவர் சுபாஸ்ரீ மேடம் அதை மைக்ராஸ்கோப்பில் பார்த்துவிட்டு, வெகுநேரம் கண்ணை எடுக்கவே இல்லை. இதுவரை உலகில் யாரும் எழுதி வைக்காத இனமாக இருக்கலாம் என்றார். இரண்டு வருடமாக இங்கே இருக்கிறேன், அன்றுதான் என் முழுப் பெயரைக் கேட்டார்.

ஆனால் பதினொன்றும் பெண் வண்டுகள். இந்தச் சின்னக் கறுப்பு வண்டுகள் வெளியே பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். ஆண் வண்டின் வயிற்றைத் திறந்து உள்ளே பார்த்தால்தான் எந்த இனம் என்று உறுதியாகச் சொல்ல முடியும். எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் அதுதான் முறை. ஆண் கிடைக்காவிட்டால் இதற்குப் பெயர் வைக்க முடியாது. திட்டம் பிப்ரவரி கடைசியோடு முடிகிறது. அதன்பிறகு எனக்கு மைக்ராஸ்கோப் கிடையாது.

பெட்டியில் பன்னிரண்டு குப்பிகளும் ஒரு சின்னத் தூரிகையும் இருக்கின்றன. குப்பிகளுக்குள் இருப்பது ஸ்பிரிட். வண்டைத் தூரிகை நுனியால் தொட்டால் ஒட்டிக்கொள்ளும், குப்பிக்குள் விட்டுவிடலாம். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு துண்டுத் தாள் போட வேண்டும். ஊர், தேதி, செடி, பிடித்தவர் பெயர். பென்சிலால் மட்டும் எழுதுங்கள். பேனா மை ஸ்பிரிட்டில் கரைந்து போய்விடும், பென்சில் நூறு வருடம் இருக்கும்.

இன்னொன்று. அந்த இரண்டு வரிசைக்கு மட்டும் மருந்து அடிக்க வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்ல முடியுமா? நான் சொன்னால் சிரிப்பார்.

இப்படிக்கு,
பவானி


சுருளிப்பட்டி
6 செப்டம்பர் 2024

அன்பு பவானிக்கு,

உன்னை நீ என்பதா நீங்கள் என்பதா என்று ஒரு வாரம் யோசித்தேன். எம்.எஸ்ஸி. படித்தவள். ஆனால் வயதில் என்னைவிட இரண்டு குறைவு. அதனால் நீ.

மணிக்கட்டு வலி அப்படியேதான் இருக்கிறது, அதை விசாரித்தது நீ ஒருத்திதான். உன் அண்ணனுக்கு இருமல் நின்று இப்போது தும்மல். நீ தலைக்கு நல்லெண்ணெய் வை. அங்கே கிடைக்காவிட்டால் சொல், கம்பத்தில் வாங்கி அனுப்புகிறேன்.

தோட்டத்தில் தூரிகையும் கையுமாக நான் நிற்பதைப் பார்த்து, களை எடுக்க வந்த இருளம்மாள் என்ன என்று கேட்டாள். ஆண் வண்டு தேடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஏத்தா, ஒன் நாத்துனாவுக்கு மாப்பிள்ள பாக்கச் சொன்னா, அவ பூச்சிக்கு மாப்பிள்ள பாக்குறாளா?" என்றாள். அன்று முழுக்கத் தோட்டத்தில் அதே பேச்சு. பிறகு அவளே வந்து, "இந்தா இங்கன ரெண்டு ஓடுது பாரு, மீச இருக்கா?" என்று காட்டித் தந்தாள். அவளுக்குக் கண் கூர்மை.

உன் அண்ணனிடம் சொன்னேன். "படிக்க வச்சதுக்கு நல்லா வேல வாங்குறா" என்றார். பிறகு, "ரெண்டு வரிசதான, விட்டுத் தொலைங்க" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்.

ஆறு வண்டு, இரண்டு குப்பியில். கம்பம் பஸ்ஸில் பார்சல் போடுகிறவர் உள்ளே என்ன என்று கேட்டார். கண் மருந்து என்றேன்.

புதுப் போர்வைக்கெல்லாம் நன்றி எழுதாதே. வீட்டுக்கு வந்தவர்களுக்கு யாரும் போடுவதுதானே.

மதினி
மகாலட்சுமி


பெங்களூர்
21 செப்டம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உடம்பைப் பார்த்துக்கொள்கிறீர்கள் என்று நம்புகிறேன். எண்ணெய் இங்கேயே கிடைக்கிறது. தலைக்கு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனால், அறையில் இருக்கும் இரண்டு பெண்கள் ஜன்னலைத் திறக்கிறார்கள். அதனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

உங்கள் கடிதத்தை மதியம் சாப்பிடும்போது படித்தேன். இருளம்மாள் மீசை கேட்ட இடத்தில் சிரித்துவிட்டேன். எதிர் மேசையில் இருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். இங்கே நான் சிரித்து அவர்கள் பார்த்ததில்லை.

ஆறும் பெண். ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். ஒரு வண்டுக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. காரக் கரைசலில் ஊறவைத்து, முடி போன்ற ஊசியால் வயிற்றைப் பிரிக்க வேண்டும். ஆறாவதைப் பிரிக்கும்போது வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டிக்கொண்டேன் என்று எழுதினால் இருளம்மாள் இன்னும் சிரிப்பார்.

சலித்துக்கொள்ளாமல் இன்னும் தேடுங்கள். ஆண் எங்கோ இருக்கும். குட்டிகள் வளர்ந்து வரும்போது அதில் ஆணும் வரும்.

லேபிளில் பிடித்தவர் என்ற இடத்தில் "முத்துராஜா சம்சாரம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே அண்ணன் பெயர் வேண்டாம், உங்கள் பெயரையே எழுதலாம்.

இந்தக் கடிதம் இரண்டு தாளாக இருந்தது. இரண்டாவது தாளில் தோட்டத்தைப் பற்றியும் பூச்சிகளைப் பற்றியும் எழுதியிருந்தேன். படித்துப் பார்த்தால் வகுப்பெடுப்பது போல இருந்தது. தினமும் தோட்டத்தில் நிற்கிறவர்களுக்கு நான் என்ன சொல்வது என்று கிழித்துவிட்டேன்.

இப்படிக்கு,
பவானி


சுருளிப்பட்டி
8 அக்டோபர் 2024

அன்பு பவானிக்கு,

எண்ணெய் வாசனைக்கு ஜன்னல் திறக்கிறவர்கள் நம் வீட்டுக் கருவாட்டுக்கு என்ன செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். நீ நன்றாகச் சாப்பிடு.

இந்தத் தடவை குப்பி அனுப்பவில்லை. ஆனால் நல்ல செய்தி இருக்கிறது. உன் இரண்டு வரிசையில் மாவுப்பூச்சி ஏறிவிட்டது. உன் அண்ணன் மருந்து டேங்கைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். "அடிச்சா அந்தக் கறுப்புவண்டும் செத்துப்போகும், ஒங்க தங்கச்சி அழுவா" என்று நான் குறுக்கே நின்றேன். "அப்ப நீயே கையால பெறக்கு" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். நான் விளையாட்டுக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

நானும் இருளம்மாளும் மூன்று நாள். ஏணி போட்டு ஏறி, ஈரத்துணியும் பழைய பல் பிரஷும் வைத்து, ஒவ்வொரு கணுவாக, ஒவ்வொரு குலையாகத் துடைத்தோம். ஒரு சொட்டு மருந்து இல்லை. மணிக்கட்டு வீங்கிவிட்டது, அது போகட்டும். கறுப்பு வண்டைக் கண்டால் தொடாமல் விட்டோம். வெள்ளையை ஒன்றுகூட விடவில்லை. அதிலும் சிலது பெரிசு பெரிசாக, உடம்பெல்லாம் பஞ்சு நூல் நூலாக வைத்துக்கொண்டு, கையை நீட்டினால் குடுகுடுவென்று ஓடுகிறது. "இதுதான்டி எல்லாத்துக்கும் ராசா, இத மொதல்ல நசுக்கு" என்றாள் இருளம்மாள். அதையெல்லாம் தேடித் தேடி நசுக்கினோம்.

இப்போது பந்தல் கழுவிவிட்டது போல இருக்கிறது. உன் வண்டுகள் நிம்மதியாக இருக்கட்டும்.

மதினி
மகாலட்சுமி


பெங்களூர்
16 அக்டோபர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கைக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள்.

நீங்கள் நசுக்கியவற்றில், பஞ்சு நூல் வைத்துக்கொண்டு ஓடியவை மாவுப்பூச்சி இல்லை. அவை அந்தக் கறுப்பு வண்டின் குட்டிகள். பிறந்ததிலிருந்து வண்டாக மாறும் வரை வெள்ளைப் பஞ்சைப் போர்த்துக்கொண்டுதான் இருக்கும். மாவுப்பூச்சிகளுக்கு நடுவில் இருந்து அவற்றைத் தின்பதற்காக அதே வேஷம்.

மாவுப்பூச்சி ஓடாது, மதினி. தோட்டத்தில் இருக்கிறவர்களுக்கு அது தெரியும் என்று நினைத்தேன்.

பவானி


பெங்களூர்
9 நவம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

உங்களிடமிருந்து பதில் வரவில்லை. வராது என்று எனக்கே தெரியும். கடைசியாக எழுதிய அந்த வரியை நான் எழுதியிருக்கக் கூடாது. தபால் பெட்டியில் போட்ட கையோடு அங்கேயே நின்றேன். பூட்டிய பெட்டிக்குள் கை விட முடியாது.

கிழித்தேன் என்று சொன்ன தாளில் இருந்தது அதுதான். குட்டி வெள்ளையாக இருக்கும், வேகமாக ஓடும், மாவுப்பூச்சி என்று நினைத்துவிடாதீர்கள் என்று அதில் எழுதியிருந்தேன். படம்கூட வரைந்திருந்தேன். சொல்லாமல் விட்டது நான். மூன்று நாள் ஏணியில் நின்றது நீங்கள்.

என்னோடு படித்தவர்கள் வீட்டிலெல்லாம் புத்தகம் பேசுகிறவர்கள் இருந்தார்கள். நம் வீட்டில் நான் படித்ததைச் சொன்னால் பெருமையடிப்பது போல இருக்கும் என்று சின்ன வயதிலிருந்தே வாயை மூடிப் பழகிவிட்டேன். அம்மாவுக்குக்கூட நான் என்ன படிக்கிறேன் என்று சொன்னதில்லை. "ஏதோ பூச்சி" என்று அவர் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டு, அப்படியே போயும் சேர்ந்துவிட்டார்.

தீபாவளி அன்று விடுதியில் நானும் சமையல்காரரும் மட்டும் இருந்தோம். அவர் எனக்கு ஒரு வாழைப்பழ பஜ்ஜி போட்டுக் கொடுத்தார். நன்றாக இருந்தது.

உங்கள் கை வீக்கம் வற்றியதா என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள்.

இப்படிக்கு,
பவானி


பெங்களூர்
3 டிசம்பர் 2024

அன்புள்ள மதினிக்கு,

நலமாக இருக்கிறீர்களா? எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை அண்ணனுக்குப் போன் செய்தேன். மதினி எங்கே என்று கேட்டேன். "தோட்டத்துல நிக்கிறா" என்றார். பேசச் சொல்லுங்கள் என்றேன். "வந்ததும் சொல்றேன்" என்றார். உங்கள் போன் அணைந்தே இருக்கிறது.

வண்டு விஷயத்தை விட்டுவிடலாம். மேடம் என்னிடம், ஆண் இல்லாவிட்டால் பெட்டியில் "பெயர் தெரியாதது" என்று எழுதி மூடி வைத்துவிடலாம் என்றார். அப்படி நிறையப் பெட்டிகள் இங்கே இருக்கின்றன. முப்பது வருடமாகத் திறக்காதவைகூட இருக்கின்றன. நான் சரி என்றேன்.

வண்டுக்காக இல்லாமலும் நீங்கள் எழுதலாம்.

பவானி


சுருளிப்பட்டி
20 டிசம்பர் 2024

பவானிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. கை பரவாயில்லை. உன் சளிக்குத் துளசியும் மிளகும் போட்டுக் குடி.

நான்கு குப்பி அனுப்புகிறேன். மொத்தம் பத்தொன்பது வண்டு. நீ முதல் கடிதத்தில் சொன்னபடி எல்லாவற்றிலும் தாள் போட்டிருக்கிறேன். ஊர், தேதி, செடி, பெயர். எதையும் விடவில்லை, எதையும் மாற்றவில்லை. பென்சில்தான்.

குட்டிகளைத் தொடவில்லை.

மகாலட்சுமி


பெங்களூர்
5 ஜனவரி 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் எழுத்தைப் பார்த்ததும் சளி பாதி விட்டுவிட்டது. மிளகுக் கஷாயம் போட ஆள் இல்லை, வெந்நீர் குடித்தேன்.

முதலில் உங்களுக்குச் சொல்ல வேண்டியது. நான்காவது குப்பியில் ஐந்து வண்டுகள். அதில் மூன்றாவது ஆண்.

திறந்து பார்த்தபோது நம்பவில்லை. வளைந்த ஒரு மெல்லிய கம்பி, நுனியில் சின்னக் கொக்கி. மேடத்தைக் கூப்பிடாமல் அரை மணி நேரம் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகுதான் கூப்பிட்டேன். அவர் பார்த்துவிட்டு, புத்தகங்களில் இருக்கும் எந்த இனத்தோடும் இது சேரவில்லை என்றார். நம் தோட்டத்துப் பெண் வண்டுகளையும் இவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இரண்டு நாள் அளந்து பார்த்தோம். ஒரே இனம்தான். இனி இந்த இனத்தைப் பற்றி உலகில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும், இந்த ஒற்றை ஆணை எடுத்துப் பார்த்துத்தான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு அடியில் ஊசியில் உங்கள் தாளையும் குத்தி வைப்போம்.

அதனால் உங்கள் தாள்களை லென்ஸ் வைத்துப் படித்தேன்.

நவம்பர் 10, கோம்பை, செம்பருத்தி, முத்துராஜா சம்சாரம்.

நவம்பர் 17, கோம்பை, செம்பருத்தி, முத்துராஜா சம்சாரம்.

நவம்பர் 24, கோம்பை, செம்பருத்தி, ராஜமணி மகள்.

டிசம்பர் 1, கோம்பை, செம்பருத்தி, மகாலட்சுமி.

டிசம்பர் ஒன்றாம் தேதிதான் நான் அண்ணனுக்குப் போன் செய்தது. நீங்கள் தோட்டத்தில் நிற்பதாகச் சொன்னார். நீங்கள் கோம்பையில் உங்கள் அப்பா ராஜமணி வீட்டில் இருந்திருக்கிறீர்கள். நான்கு வாரமாவது இருந்திருக்கிறீர்கள். தீபாவளியும் அங்கேதானா?

கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. நான் கேட்ட இரண்டு வரிசையால்தான் என்றால், அதை மட்டும் சொல்லிவிடுங்கள்.

வண்டுக்குப் பெயர் வைப்பதில் என் விருப்பத்தையும் மேடம் கேட்கிறார். எழுதுகிறவர்கள் தங்கள் பெயரை வைத்துக்கொள்ளும் வழக்கம் இல்லை. பிடித்துக் கொடுத்தவர் பெயரை வைக்கலாம்.

இப்படிக்கு,
பவானி


சுருளிப்பட்டி
27 ஜனவரி 2025

அன்பு பவானிக்கு,

உன் கடிதம் பொங்கல் முடிந்து வந்தது. இந்த வருடம் வீட்டில் பொங்கல் வைத்தது நானும் உன் அண்ணனும் மட்டும்தான். நீ வரவில்லை. லீவு இல்லையோ என்னவோ. உன் சளி இன்னும் இருக்கிறதா?

நீ கேட்டதைச் சொல்கிறேன். போனில் என்றால் சொல்லியிருக்க மாட்டேன்.

குட்டிகளை நசுக்கிய பத்தாம் நாளே மாவுப்பூச்சி திரும்பி வந்தது. தின்பதற்கு ஆள் இல்லை அல்லவா, இந்தத் தடவை இரண்டு வரிசையோடு நிற்கவில்லை. குலையெல்லாம் பிசுபிசுவென்று ஒட்டி, மேலே கரி பூசியது போலக் கறுத்துவிட்டது. உன் கடிதம் வந்த வாரம்தான் அது. நீ எழுதிய வரியைப் படித்துவிட்டுப் போய்ப் பந்தலைப் பார்த்தேன். கோபம் வரவில்லை, வெட்கமாக இருந்தது.

வியாபாரி வந்தார். ஒரு குலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, வண்டியைத் திருப்பிவிட்டார். உன் அண்ணன் வீட்டுக்கு வந்து, "வந்தவ ஒருத்தி, போனவ ஒருத்தி, ரெண்டு பேருமாச் சேந்து ஏந் தோட்டத்தக் காவு குடுத்துட்டீக" என்றார்.

என்னைச் சொன்னது போகட்டும். உன்னைப் போனவள் என்றதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "அவ எங்க போனா, நீங்கதான அனுப்புனீக" என்றேன். அதற்கு அவர் சொன்னதை எழுத மாட்டேன். மறுநாள் காலை பஸ்ஸில் கோம்பைக்குப் போய்விட்டேன். நான்கு சேலையும் உன் குப்பிப் பெட்டியும். பெட்டியை ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அங்கே துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஒரு செம்பருத்தி. மாவுப்பூச்சி பிடித்துச் சுருண்டுபோய் இருந்தது. வெட்டப் போன என் அம்மாவிடமிருந்து அரிவாளைப் பிடுங்கினேன். பார்த்தால் ஒன்று ஓடுகிறது, பஞ்சு நூலோடு. அப்புறம் தினமும் அதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மாப்பிள்ளை வீட்டிலிருந்து வந்தவள் செடிக்கு முன்னால் தவம் கிடக்கிறாள் என்று தெருவே பார்த்தது. நீ கோபமாக இருக்கிறாய் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கோபமாக இருந்தாலும் உனக்கு ஆண் வேண்டுமே.

டிசம்பர் பதினான்காம் தேதி உன் அண்ணன் வந்தார். எங்கள் வீட்டுக் கோம்பை நாய் அவரை ஒரு மணி நேரம் வாசல் படலைத் தாண்ட விடவில்லை. நானும் கட்டச் சொல்லவில்லை. கடைசியில் என் அப்பா, "மாப்பிள வெயில்ல நிக்கிறாக, நாயப் பிடிங்க" என்று கத்தினார். உள்ளே வந்து சட்டைப் பையிலிருந்து உன் இரண்டு கடிதத்தையும் எடுத்து வைத்தார். பிரிக்கவே இல்லை. "ஒனக்கு வந்தது" என்றார். அவ்வளவுதான் அவர் மன்னிப்பு. அவர் எதிரிலேயே இரண்டையும் படித்தேன். தீபாவளிக்கு நீ பஜ்ஜி சாப்பிட்ட இடத்தை அவருக்கும் படித்துக் காட்டினேன். எழுந்து கைகழுவப் போனவர், வெகுநேரம் கழித்துத்தான் வந்தார்.

தோட்டம் முழுக்க மருந்தடித்துக் கவாத்து வெட்டியாகிவிட்டது. புதுத் துளிர் வந்திருக்கிறது. கறுப்பு வண்டு ஒன்றுகூட இல்லை. நானும் இருளம்மாளும் இரண்டு நாள் தேடினோம். கோம்பைச் செம்பருத்தியில் இருக்கிறது. யாரும் வெட்டக் கூடாது என்று அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பூச்சிக்கு என் பெயரை வைத்துவிடாதே. "மகாலச்சுமிய நசுக்குனேன்" என்று இருளம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

மதினி
மகாலட்சுமி


பெங்களூர்
2 மார்ச் 2025

அன்புள்ள மதினிக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்கு மன்னிக்க வேண்டும். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். சளி போய்விட்டது. உங்கள் மணிக்கட்டுக்கு இங்கே மருந்துக் கடையில் ஒரு பட்டை விற்கிறார்கள், மாட்டிக்கொண்டால் கை வளையாமல் பிடிக்கும். ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

வண்டின் கட்டுரை போன வாரம் பத்திரிகைக்குப் போய்விட்டது. வெளிவர ஒரு வருடம்கூட ஆகலாம் என்கிறார்கள். படங்களை நான்தான் வரைந்தேன். குட்டியின் படத்தையும் வரைந்து, மாவுப்பூச்சியின் படத்தைப் பக்கத்தில் வைத்து, எது ஓடும், எது ஓடாது என்று ஒரு பத்தி எழுதினேன். விவசாயிகள் தவறாக நசுக்கிவிடுகிறார்கள் என்ற வரியை மேடம் சேர்க்கச் சொன்னார். அதை மாற்றி, அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை என்று எழுதினேன். மேடம் அதை அப்படியே விட்டுவிட்டார்.

உங்கள் பெயரை வைக்கவில்லை. கோம்பையின் பெயரை வைத்திருக்கிறோம். ஆனால் அந்த ஆண் வண்டுக்கு அடியில், ஊசியில், நீங்கள் பென்சிலால் எழுதிய தாள் அப்படியே இருக்கிறது. அச்சடித்த லேபிள் வைக்கலாம் என்றார்கள். அதையும் வைத்தோம், இதையும் எடுக்கவில்லை. நம் தோட்டத்துப் பெண் வண்டுகளின் அடியில் என் பெயர் இருக்கிறது. இரண்டும் ஒரே பெட்டியில், பக்கத்து வரிசையில்.

திட்டம் முடிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை என் மேசையைக் காலி செய்தேன். எனக்கு ஒரு பேனா டப்பாவும் ஒரு டம்ளரும்தான் இருந்தன. மேடம் வேறொரு இடத்தில் சொல்லியிருக்கிறார், கிடைத்தால் ஜூனில் சேர வேண்டும். விடுதியை மார்ச் பதினைந்துக்குள் காலி செய்யச் சொல்கிறார்கள். வேறு அறை தேடிக்கொண்டிருக்கிறேன். ஒன்று பார்த்தேன், ஜன்னல் இல்லை. பரவாயில்லை, நல்லெண்ணெய்க்குத் திறக்க யாரும் இருக்க மாட்டார்கள்.

அண்ணனை நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். இருளம்மாளுக்கு, அவர் கேட்ட கேள்விக்குப் பதில்: ஆண் வண்டுக்கு மீசை இருக்கிறது, பெண் வண்டுக்கும் இருக்கிறது.

இப்படிக்கு,
பவானி

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒட்டுவதற்கு முன்னால் இதையும் எழுதிவிடுகிறேன்.

பொங்கலுக்கு எனக்கு லீவு இருந்தது. தீபாவளிக்கும் இருந்தது. போன வருடமும் இருந்தது. அம்மா போன பிறகு அந்த வீட்டில் யாரும் என்னை வா என்று சொல்லவில்லை. நீங்கள் சொல்ல வேண்டாம் என்று நினைத்தவர் இல்லை, அது எனக்குத் தெரியும். பிறந்த வீட்டுப் பெண்ணுக்கு அழைப்பு எதற்கு என்று நீங்கள் இருந்திருப்பீர்கள். மதினி கூப்பிடாமல் எப்படிப் போவது என்று நான் இருந்தேன்.

ஒரு வரி போதும் மதினி. "வா" என்று எழுதுங்கள். எனக்குப் புதுப் போர்வை எடுக்க வேண்டாம், நீங்கள் போர்த்துகிறவற்றில் ஒன்று போதும். அந்த வரியைப் பென்சிலால் எழுதுங்கள்.